பதினைந்தாவது கனெக்டர்

ஆறு மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். குளித்தான். முந்தின இரவே இஸ்திரி போட்டு மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டான். ஏழே முக்காலுக்குக் கதவைப் பூட்டினான்.

எட்டு பத்து பஸ்ஸுக்கு எட்டு மணிக்கே நிறுத்தத்தில் நிற்பது வழக்கம். கடந்த எட்டு மாதங்களில் ஒருநாள்கூட அதைத் தவறவிட்டதில்லை. போன வாரம் மேனேஜர், “நேரம் தவறாமைன்னா என்னன்னு இவரைப் பாத்துக் கத்துக்கங்க” என்று சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். அவனும் கூடவே தட்டினான்.

பூட்டிய பிறகுதான் இன்று லீவு போட்டிருப்பது ஞாபகம் வந்தது. சட்டையை மாற்ற மறுபடி உள்ளே போக அலுப்பாக இருந்தது. அப்படியே படியிறங்கி, வண்டிகள் நிறுத்தும் கீழ்த்தளத்துக்குப் போனான்.

மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய நீல வண்டி நின்றது. மேலே தூசி. முன்கண்ணாடியில் நோட்டீஸ். ‘ஆறு மாதங்களுக்கு மேல் அசையாமல் நிற்கும் வாகனங்கள் சனிக்கிழமை பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அப்புறப்படுத்தப்படும். செயலாளர், குடியிருப்போர் சங்கம்.’

செயலாளர் முப்பது வருடம் தேர்வு அறைகளில் கண்காணிப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்றும் அந்த அறையை விட்டு அவர் வெளியே வரவில்லை. முந்தின நாள் அவன் போய்க் கெஞ்சியபோது விதியை விளக்கினார்.

“இன்ஜின் ஓடிச்சுன்னா அது வாகனம். ஓடலைன்னா அது பொருள். பொருளுக்கு இங்க இடமில்லை தம்பி.”

“ஒரு மாசம் டைம் குடுங்க சார்.”

“நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான். பன்னிரண்டுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. நோட்டீஸை நானே கிழிச்சுப் போடறேன்.”

வண்டி அவனுடையது இல்லை, மனைவியுடையது. ஒரு புதன்கிழமை இரவு தலைவலி என்று படுத்தவள் வியாழக்கிழமை எழுந்திருக்கவில்லை. அவள் புதன் மாலை நிறுத்திவிட்டுப் போன இடத்தில்தான் வண்டி இன்னும் நின்றது.

அது போகக்கூடாது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. ஏன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து வருடமாக, “இந்தத் தகர டப்பாவை வித்துத் தொலை” என்று சொன்னவன் அவன்தான்.

கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அவள் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்து வைத்திருந்தாள். பின்னால் தள்ள ஒரு நெம்புகோல் உண்டு. அவன் அதைத் தொடவில்லை. முழங்காலை மடக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

ஒன்றுமில்லை.

இது ஒன்றும் புதிதில்லை. வாரத்தில் மூன்று நாள் இந்த வண்டி இப்படித்தான். அவன் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் கீழேயிருந்து குரல் வரும். “ஏங்க! வண்டி கிளம்பலைங்க! ஒரு நிமிஷம் வந்து சாவியைத் திருப்புங்க!” அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப்போய் உட்காருவான். அவள் முன்சக்கரத்தின் ஓரமாக மண்டியிட்டு உள்ளே கையை விடுவாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. அந்த ஆஸ்பத்திரிப் பேச்சு சக்கரத்தடியிலும் வரும். “அசையாதீங்க... மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், திருப்புங்க!” திருப்புவான். வண்டி உறுமும். அதற்குள் பஸ் போயிருக்கும்.

“வாங்க, நானே இறக்கி விட்டுடறேன்” என்பாள்.

அவளுடைய ஆஸ்பத்திரி எதிர்த்திசையில் இருந்தது. அவனை இறக்கிவிட்டுத் திரும்பி, இரண்டு சிக்னல் தாண்டிப் போக வேண்டும். ஆனாலும் ஒருநாளும் அவள் முனகியதில்லை. முனகியது அவன்தான்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் இதுக்கு எப்படி உடம்பு சரியாகுது?”

“அதுக்கும் வாரம் ஒருநாள் லீவு வேண்டாமா?”

மிக்ஸி, வாஷிங் மெஷின், இஸ்திரிப்பெட்டி இவற்றோடு பெட்டியில் வைத்துக் கொடுக்கும் செயல்முறைக் கையேடுகளை எழுதுவது அவன் வேலை. போகிற வழியில் அன்றைக்குத் திருத்த வேண்டியதை வாய்விட்டுப் படிப்பான்.

“‘இஸ்திரிப்பெட்டியைத் தண்ணீரில் மூழ்கடிக்காதீர்கள்.’”

“யாருங்க இஸ்திரிப்பெட்டியை மூழ்கடிப்பா?”

“எவனோ மூழ்கடிச்சிருக்கான். அதனாலதான் எழுதறோம்.”

“‘அணிந்திருக்கும் துணியின்மேல் தேய்க்காதீர்கள்.’ இதையும் எவனோ பண்ணினானா?”

“ரெண்டு பேரு.”

சிக்னலில் நிற்கும்போது அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரிப்பாள். நெற்றி பட்டு ஹாரன் அடிக்கும். முன்வண்டிக்காரன் திரும்பி முறைப்பான். நாற்பது நிமிடம் அப்படிப் போகும்.

“மாமா! இறங்குங்க, டாக்டர் வந்தாச்சு.”

மச்சினன் புது பேட்டரியோடு வந்து நின்றான். அவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். உலகத்தில் வயர் உள்ள எல்லாமே ஒரு பெரிய செல்போன்தான் என்பது அவன் கொள்கை.

“எட்டு மாசமா சார்ஜ் போடல. அவ்ளோதான் மேட்டர். இப்ப பாருங்க.”

பேட்டரியை மாட்டினான். விளக்கு எரிந்தது. வைப்பர் ஆடியது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் மட்டும் மௌன விரதம். ஒரு ‘டிக்’ கூட இல்லை.

“டிஸ்ப்ளே வருது, ஆன் ஆகல” என்று மச்சினன் நோயைக் கண்டுபிடித்தான்.

மணி ஒன்பதரை. அவன் போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் படுத்தான். இஸ்திரி போட்ட சட்டை தரையைத் துடைத்தது. இன்ஜினுக்குக் கீழே, கறுப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நுனி அளவு. ஒற்றை வயர். ஒற்றைத் துளை. கழுத்தில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கியது.

“மாப்ளே, ஒரு கனெக்டர் கழண்டு கிடக்கு.”

“எதோட கனெக்டர்?”

“அதானே தெரியல. தொடாதே. கையேட்டைப் பாக்கலாம்.”

“மாமா, சும்மா எங்கயாவது மாட்டிப் பாத்தா...”

“கையேடு எழுதறவன் நான். எனக்குத் தெரியும். எழுதாம எதையும் விடமாட்டாங்க.”

டாஷ்போர்டு அறையிலிருந்து வண்டியின் கையேட்டை எடுத்தான். நூற்று அறுபதாம் பக்கத்தில் படம் இருந்தது. இன்ஜினுக்கு அடியில் உள்ள கனெக்டர்கள், ஒன்று முதல் பதினான்கு வரை. பேனாவால் ஒவ்வொன்றாக டிக் அடித்தான். இரண்டு முறை கீழே படுத்து எழுந்தான். பதினான்கும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன.

“அப்ப இது?”

“பதினைஞ்சாவது.”

“படத்துல இல்லியே?”

அவனுக்கு உண்மையாகவே மனசு உடைந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கையேட்டில் இல்லாத உறுப்பை அவன் பார்த்ததில்லை. ஒரு காகிதத்தில் அதை வரைந்து, ‘படம் 15: பெயர் தெரியாதது’ என்று எழுதினான். எழுதிய பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வண்டி கிளம்பவில்லை.

அதற்குள் மச்சினன் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். பெரியப்பா அது ஏசி என்றார். வண்டியில் ஏசியே கிடையாது என்றதும், அப்படியானால் ஏசி வைப்பதற்கான ஏற்பாடு என்றார். ஒரு சித்தப்பா அதைப் பிடித்து நூற்றெண்பது டிகிரி திருப்பச் சொன்னார். சித்தி, “மாப்பிள்ளை சாப்பிட்டாரா?” என்று கேட்டாள்.

“கண்டுபிடிச்சுட்டேன்!” என்று வண்டிக்கு அடியிலிருந்து கத்தினான் மச்சினன். “இங்க ஒரு பின்னு இருக்கு. அளவு அப்படியே பொருந்துது.”

“அதுல ஏற்கெனவே ஒண்ணு மாட்டியிருக்குமே?”

“அதைக் கழட்டிட்டேன்.”

“மாப்ளே!”

“ஒரு போர்ட்டு, ரெண்டு சார்ஜர். எது வேலை செய்யுதுன்னு பாக்கணும்ல? சாவியைத் திருப்புங்க.”

திருப்பினான். எங்கேயோ ‘பட்’ என்றது. எரிந்துகொண்டிருந்த விளக்கும் அணைந்தது.

“ஃபியூஸ்” என்றான் மச்சினன், எதிர்பார்த்தவன் போல. “நல்லதுதான். வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

மணி பத்தரை. ஃபியூஸ் வாங்கப் போக நேரமில்லை என்று சொல்லிவிட்டு, மச்சினன் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்தான். பாதியை அவன் கையில் வைத்து, மீதியை வாயில் போட்டுக்கொண்டு, சுற்றியிருந்த வெள்ளித் தாளை மடித்து ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகினான்.

“இது ஆபத்து மாமா, உங்க கையேட்டுல எழுதிடாதீங்க.”

விளக்கு வந்தது. வெற்றிக் களிப்பில் மச்சினன் மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்தான். வரும்போது தோளில் ஏதோ ஒரு வயர் மாட்டி இழுபட்டு, இரும்பில் உரசி அங்கேயே சிக்கிக்கொண்டது.

ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

நிற்கவில்லை. கீழ்த்தளத்தின் நான்கு சுவரிலும் முட்டித் திரும்பி வந்து, ஒரே ஹாரன் நாற்பது ஹாரனாகக் கேட்டது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும் சத்தம். செயலாளர் துண்டோடு இறங்கி வந்தார். ஒரு கன்னத்தில் சவர நுரை.

“இது என்ன, போராட்டமா?” என்று கத்தினார்.

“ரிப்பேர் சார்!”

“என்ன பேரு?”

“ரிப்பேர்!”

“பேட்டரியைக் கழட்டு மாப்ளே!” என்று அவன் கத்தினான்.

மச்சினன் ஸ்பேனரைத் தேடினான். அதற்குள் செயலாளர், சத்தம் வருகிற இடத்தை மூடினால் சத்தம் நின்றுவிடும் என்று முடிவு செய்து பானெட்டை ஓங்கி அடித்து மூடினார். சத்தம் நிற்கவில்லை. பானெட்டைத் திறக்க அவன் உள்ளே இருந்த கைப்பிடியை இழுத்தான். கைப்பிடி கையோடு வந்துவிட்டது, ஒரு முழம் கேபிளோடு.

மூன்று பேரும் அந்தக் கேபிளைப் பார்த்தார்கள். உள்ளே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“கையேட்டுல இதுக்கு என்ன போட்டிருக்கு?” என்றான் மச்சினன்.

“‘அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும்.’”

மணி பதினொன்று இருபது. இழுவை வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கினான். காதைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று சுற்றினான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தான். அரை நிமிடத்தில் சத்தம் நின்றது. அந்த அமைதியில் எல்லாருக்கும் லேசாகத் தலை சுற்றியது.

“தூக்கிடலாமா?” என்றான் டிரைவர்.

“இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு” என்றார் செயலாளர். என்ன இருந்தாலும் நேர்மையானவர். “நேரம் முடியறதுக்கு முன்னாடி பேப்பரைப் பிடுங்கற வழக்கம் எனக்கில்லை.”

“சார், இது முடியாது சார்” என்று மச்சினன் திடீரென்று தரையில் உட்கார்ந்தான். காலையிலிருந்து இருந்த வாய் போய்விட்டது. “மாமா, ஸாரி. நான்தான் கெடுத்துட்டேன். அக்கா இருந்தா ஒரே திட்டு திட்டி, ஒரே நிமிஷத்துல ஸ்டார்ட் பண்ணியிருப்பா.”

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் பாதிச் சாக்லேட் உருகியிருந்தது. சட்டையில் துடைத்தான். சட்டையும் இனி உதவாது.

“எப்படிச் செய்வான்னு ஒருநாள்கூடக் குனிஞ்சு பாத்ததில்ல” என்றான். “உள்ள உக்காந்து மணி பாத்துக்கிட்டிருந்தேன்.”

செயலாளர் துண்டால் நுரையைத் துடைத்தார். “அவங்க சாயங்காலமும் குனிவாங்க” என்றார். “வண்டியை நிறுத்திட்டு, அந்தச் சக்கரத்துகிட்ட ஒரு நிமிஷம். பூனைக்குச் சாப்பாடு வைக்கறாங்கன்னு நினைச்சேன். நோட்டீஸ்கூட எழுதி வெச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ஒட்டல” என்றார்.

இழுவை வண்டிக்காரன் அதற்குள் மறுபடி அடியில் தலையை விட்டிருந்தான். கொக்கி மாட்ட இடம் பார்த்தவன், அங்கேயே கிடந்தான்.

“சார், இந்த மஞ்சள் டேப்பு யாரு சுத்தினது?”

“தெரியாது. ஏன்?”

“ஒவ்வொரு ஒயரிங்காரனும் டேப்பை ஒரு மாதிரி முடிப்பான் சார். சிலபேரு சும்மா பிச்சு விடுவான். இது நுனியைக் கீழ விட்டு மடிச்சு முடிஞ்சிருக்கு. இது மீட்டர் அண்ணன் கை. வேற எவனும் இவ்ளோ மெனக்கெட மாட்டான்.” வெளியே வந்து போனை எடுத்தான். “பக்கத்துத் தெருதான். கூப்பிடவா?”

“கூப்பிட்டா உனக்கு இன்னைக்குச் சவாரி போயிடுமே?” என்றான் மச்சினன்.

“இதைத் தூக்கினா பாதி வழியிலயே இதோட சாமான்லாம் உதிரும். போகட்டும் விடுங்க.”

பதினொன்று ஐம்பதுக்கு மீட்டர் அண்ணன் மொபெட்டில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கரன்ட் பார்க்கும் மீட்டர் கழுத்தில் மாலையாகத் தொங்கியது. வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம தங்கச்சி வண்டி! ரொம்ப நாளாக் கடைப்பக்கம் காணோமேன்னு பாத்தேன். என்ன, பானெட் திறக்கலியா? வேண்டாம், வேண்டாம்.”

“பத்து நிமிஷம்தான் இருக்கு” என்றார் செயலாளர்.

“அரை நிமிஷம் போதுங்க.”

முன்சக்கரத்தின் ஓரமாக மண்டியிட்டார். அதே இடம். உள்ளே கையை விட்டார்.

“இதை யாரு ஆயில் பின்னுல மாட்டினது?”

மச்சினன் தூணைப் பார்த்தான்.

அவர் ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, இன்னும் கொஞ்சம் தள்ளி எங்கேயோ அழுத்தினார். ‘க்ளிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். “ஸ்டார்ட்டர் மோட்டருக்குப் போற வயர் சார் இது. நடுவுல அறுந்து போச்சு. அந்த இடத்துல நான்தான் இந்தக் கனெக்டரைப் போட்டுக் குடுத்தேன். படத்துல எப்படி இருக்கும்? ம், திருப்புங்க.”

அவன் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். தன்னை அறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். திருப்பினான்.

வண்டி உறுமியது. எட்டு மாதத் தூசி பின்பக்கமாகப் பறந்து செயலாளரின் மிச்ச நுரையில் ஒட்டியது. மச்சினன் குதித்தான். இழுவை வண்டிக்காரன் கைதட்டினான். செயலாளர் நோட்டீஸைக் கிழித்தார்.

“பதினொண்ணு ஐம்பத்து மூணு” என்றார். “வாகனம்தான்.”

அவன் கீழே இறங்கினான். முகத்தில் என்ன வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரிக்கப் பழக்கம் விட்டிருந்தது.

“இது எப்படிண்ணே கழண்டுச்சு? எலியா?” என்றான் மச்சினன்.

“எலிக்கு ஏது இவ்ளோ பொறுமை? பக்கத்துல ஒரு சின்னப் பூட்டு இருக்கு. அதை அமுக்கிக்கிட்டே இழுத்தாத்தான் வரும். அதுக்கு விரல் வேணும்.”

“யாரு விரல்?” என்று அவன் கேட்டான்.

மீட்டர் அண்ணன் சிரித்தார். “அதை நான் சொல்லக் கூடாது சார். சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். வீட்டுக்குப் போய்த் தங்கச்சியையே கேளுங்க.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் கிழித்த நோட்டீஸை நான்காக, எட்டாக மடித்தார்.

“அக்கா இல்லைண்ணே” என்றான் மச்சினன். “எட்டு மாசமாச்சு.”

மீட்டர் அண்ணன் கழுத்திலிருந்த மீட்டரைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். அவனைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்துப் பேசினார்.

“மொத தடவை தானாத்தான் கழண்டுச்சு சார். எப்படி மாட்டறதுன்னு காமிச்சுக் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து, எப்படிக் கழட்டறதுன்னு கேட்டாங்க. சாயங்காலம் வந்து நிறுத்தினதும் கழட்டி விட்டுடுவாங்க. காலைல அவங்களே மாட்டிக்குவாங்க.”

“எதுக்கு?”

“நானும் கேட்டதில்ல. கடைசியா வந்தப்போ பாத்தா, கழட்டிக் கழட்டிப் பூட்டு பாதி தேஞ்சு போயிருந்துச்சு. புதுசு போட்டுத் தர்றேன் தங்கச்சி, ஆயுசுக்கும் கழண்டு வராதுன்னேன். பதறிப் போய்ட்டாங்க. ‘ஐயோ, வேண்டாம்ணே! வண்டி ஒழுங்காக் கிளம்ப ஆரம்பிச்சா எங்க வீட்டுக்காரர் பஸ்ஸுல போயிடுவாரு.’”